பம்பரமும் ஆறாத குடுவையும்

கழுவிக் காயவைத்த குடுவையை எடுத்து மறுபடி கழுவிக்கொண்டிருந்தார் பம்பரம். அது முடிந்ததும் அடுத்த மேசைக்காரரின் குடுவைக்குக் கை நீண்டது. "ஐயோ, அதுல என் சரக்கு இருக்குங்க!" என்று அவர் பாய்ந்து வந்து பிடுங்கியிராவிட்டால், ஒரு வாரத்து உழைப்பு தொட்டியோடு போயிருக்கும்.

அவருக்கு ஏன் அந்தப் பெயர் என்று ஆய்வுக்கூடத்தில் யாரும் கேட்பதில்லை. ஒல்லி உடம்பு, வெள்ளைக் கோட்டின் இரண்டு பொத்தான்கள் எப்போதும் மாறிப் போட்டிருக்கும். நடை என்று ஒன்று கிடையாது, ஓட்டம்தான். மின்தூக்கிக்காக நிற்கப் பொறுக்காது. ஒருமுறை அவர் பொத்தானை அழுத்திய அழுத்தில் மின்தூக்கி பயந்துபோய், அன்று முழுக்க மேல்மாடியை விட்டு இறங்கவில்லை என்று கேள்வி. தொலைக்காட்சியையும் நடந்துகொண்டேதான் பார்ப்பார். "அம்மா, கதாநாயகன் மூஞ்சிய என்னிக்காவது முழுசா பாத்திருக்கியா?" என்பாள் மகள். தூக்கத்திலும் கால் ஆடும், அந்த ஆட்டத்தில் கட்டில் ஜன்னலிலிருந்து கதவுக்கு நகர்ந்துவிடும் என்று கணவர் சத்தியம் செய்கிறார். அவர் தையல்காரர், அளவு விஷயத்தில் பொய் சொல்லமாட்டார்.

புது வேதிப்பொருள்களைச் செய்து தருவது பம்பரத்தின் தொழில். இப்போது கையில் இருப்பது அமைடு என்ற வகைச் சேர்மம் ஒன்று. பயிரில் பூஞ்சை பிடிக்காமல் காக்குமா என்று சோதித்துப் பார்க்கக் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பாதிகளை இணைக்க வேண்டும். ஒரு பாதி அமில குளோரைடு. மறுபாதி, ஃபுளோரின் ஏறிய வளையத்தில் தொங்கும் அமைன். இந்த ஃபுளோரின் இருக்கிறதே, வீட்டில் உள்ளதையெல்லாம் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொள்ளும் நாத்தனார் மாதிரி. எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்; பாவம், அமைனிலுள்ள நைட்ரஜன் கையில் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. தாஜா பண்ணித்தான் சேர்த்துவைக்க வேண்டும். அதில் பம்பரத்தை அடிக்க ஆளில்லை. பனிக்கட்டி நடுவே குடுவையை இறக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, வெண்புகை அடங்க அடங்க அடுத்த சொட்டு விட்டு, ஒரு நொடி உட்காராமல் முடித்துவிடுவார்.

கடைசிப் படியில்தான் வந்தது வினை. சுத்தம் செய்த பொருளைச் சூடான எத்தனாலில் கரைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். தானாக ஆறினால் வெள்ளை ஊசிகளாகப் படிகம் இறங்கும். அவசரப்படுத்தினால் தேன் மாதிரி அடியில் எண்ணெயாகத் தேங்கும். எண்ணெயைச் சோதனைக்காரர்கள் தொடக்கூட மாட்டார்கள். முதல் தடவை, குடுவை கை சுடும்போதே பனிக்கட்டியில் வைத்தார், எண்ணெய். இரண்டாம் தடவை, கொஞ்சம் உந்திவிடலாம் என்று தண்ணீர் ஊற்றினார், எண்ணெய். அதை மறுபடி மறுபடி சூடாக்கியதில் பழுப்பேறி, கழிவுக் கலத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்று மூன்றாவது. அமைன் புட்டி காலி, இதுவும் கெட்டால் மறுபடி செய்ய வழியில்லை. காலையிலேயே பொறுப்பாளர் அம்மா வந்து, குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டுப் போனார்: "சாயங்காலத்துக்குள்ள படிகம் வரலன்னா வேலைய மேல்மாடி ஆய்வுக்கூடத்துக்குக் குடுத்துடறேன். உங்களுக்குக் கிடங்குல இடம் இருக்கு. நல்ல நாற்காலி. நாள் பூரா உக்காந்து லேபிள் ஒட்டலாம்."

நாற்காலி என்று கேட்டதுமே பம்பரம் மேசையை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார்.

குடுவை, புகை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஆறிக்கொண்டிருந்தது. அதற்குக் காவலாக முன்னால் உட்கார்ந்திருந்தார் மலை. கூட வேலை பார்ப்பவர். உட்கார்ந்தால் எழுப்பப் பளுதூக்கி வேண்டும். நெஞ்சு மறைக்கும் தாடி. பிடிவாதம் பிடிக்கும் குடுவைக்கு மேல் அந்தத் தாடியை ஒரு தட்டுத் தட்டினால், என்றோ ஒட்டிய துகள் விழுந்து படிகத்துக்கு விதையாகும் என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை.

"அண்ணே, தாடிய லேசா ஒரு உதறு உதறுங்களேன்."

"இது உலகத்துலயே யாரும் செய்யாத பொருள்மா. என் தாடிக்குள்ள எப்படி வரும்?"

"எதுக்கும் உதறிப் பாருங்க."

"இதுல இருக்கறது பூரா பிஸ்கட் தூள். பிஸ்கட்தான் முளைக்கும்."

"சரி, கண்ணாடிக் குச்சியால குடுவைக்குள்ள ஒரே ஒரு கீறு? படிகம் சீக்கிரம் இறங்கும்ல?"

"கைய எடு! நீ கிட்ட வந்தாலே மேசை அதிருது. வெளிய போ நீ."

வெளியே வந்த பம்பரம், நடைவழியில் அறிவிப்புப் பலகையின் ஊசிகளைப் பிடுங்கி நிறவாரியாகக் குத்தினார். மூலையிலிருந்த தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். அதற்கு நீச்சல் தெரியாதது அதன் தலையெழுத்து. பிறகு கணவரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, என்ன பண்றீங்க?"

"காஜா எடுத்துட்டு இருக்கேன். இப்பதானே கூப்பிட்ட?"

"அது அப்போ."

"குடுவைய தொட்டியா?"

"இல்ல."

"கை எங்க இருக்கு?"

"ஒண்ணுல போன் இருக்கு."

"இன்னொண்ணு?"

பம்பரம் திரும்பிப் பார்த்தார். இன்னொன்று ஆய்வுக்கூடக் கதவின் கைப்பிடியில் இருந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"என்னைக் கிடங்குல உக்கார வச்சாங்கன்னா செத்தே போயிடுவேங்க."

மறுமுனையில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது. "தெரியும்டி. அதுக்குத்தான் சொல்றேன், இந்த ஒரு மத்தியானம் மட்டும் சும்மா இரு."

சும்மா இருப்பதற்காகப் படிக்கட்டில் ஏறி இறங்கினார். ஏறி இறங்கினார். மேல்மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்து, ஏதோ தீ விபத்து என்று பைகளை எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். கைப்பேசி அடித்தது. மலை.

"ஒரு ஊசி தெரியுதும்மா." பக்கத்தில் குழந்தை தூங்குவது போல் கிசுகிசுத்தார். "ஒண்ணே ஒண்ணு. முடி மாதிரி."

இரண்டிரண்டு படியாகத் தாவி, நடைவழி முழுக்கத் தடதடக்க ஓடிவந்து, கதவின் கண்ணாடியில் மூக்கை அழுத்தினார். உள்ளே மலை அசையவில்லை. குடுவைக்குள் தெளிந்த நீர்மத்தில் வெள்ளைக் கோடு ஒன்று சாய்ந்து நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பக்கத்தில் இன்னொன்று. கதவோரத்து அலமாரியில் புட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. அவர் ஓடிவந்த அதிர்வு அது, இன்னும் அடங்கவில்லை.

பம்பரம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மெல்லக் குனிந்து இரண்டு காலணிகளையும் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, நுனிக்காலில், ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்து, அந்தக் கதவை விட்டு விலகிப் போனார்.