ஐந்தாவது மயில்

போன ஞாயிறு காலை பேப்பரைப் பிரிக்கிறேன்… வாசலில் எதிர்வீட்டு முருகேசன்.

“சார், உங்க டிவி பெருசு. அந்தக் கல்யாண சீரிஸ்ல மூணாவது எபிசோடு போடுங்க. ஜல்தி!”

பட்டு நெய்கிறவர். பின்னாலேயே மனைவி விஜயா — முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு.

அந்த ‘உம்’முக்கு ஒரு கதை உண்டு. எட்டு மாதம் முன்பு, தறியில் போனைச் சாய்த்துவைத்து வெப் சீரிஸ் பார்த்தபடியே நெய்திருக்கிறார். கதை சூடுபிடித்த நேரத்தில் தறிக்கு மேலே உருவம் மாற்றிக்கொடுக்கும் டிசைன் அட்டை சிக்கி நின்றதைக் கவனிக்கவில்லை. விளைவு? முந்தானையில் ஐந்தாவது மயிலுக்குக் கழுத்து ஒரு விரற்கடை கூடுதல் நீளம்!

“இது மயிலா, கொக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் புடவையை வாங்கிக்கொண்டார் கடைக்காரர். அன்றிலிருந்து தறிப்பக்கம் போன் வரக்கூடாது என்று விஜயா உத்தரவு. பாவம் மனுஷன், பொழுதே போகாமல் நெய்துகொண்டிருந்தார்.

“நேத்து டீக்கடைல ஒருத்தர் போன்ல பாத்துகினு இருந்தாரு சார். அதுல வர்றது நான் நெய்ஞ்ச புடவ!”

“ஊர்ல மயிலு நெய்யறது இவரு ஒருத்தர்தானா? காலங்காத்தால பேஜார் பண்ணிகினு…” என்றார் விஜயா.

“நம்மளுதா இருந்தா போன் தறிக்கு வரணும். சரியா?”

“மொதல்ல காட்டுங்க!”

போட்டேன். தாலி கட்டும் நேரம். கல்யாணம் நின்றுபோகிறது. கதாநாயகியின் அம்மா மயங்கி விழுகிறார். முந்தானை தரையில் விரிகிறது…

“நிறுத்துங்க சார்!”

நிறுத்தினேன். கதாநாயகி வாயைத் திறந்தபடி அழுகையில் உறைந்து நின்றாள். அவளை யார் பார்த்தார்கள்? அந்த அம்மாவுக்கு மூச்சு இருக்கிறதா என்றுகூட நாங்கள் கவலைப்படவில்லை. விஜயா டிவியை ஒட்டி நின்று, விரலை வைத்து எண்ணினார்.

“ஒண்ணு… ரெண்டு… மூணு… நாலு…”

முருகேசன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சத்தியமாக நானும்தான்.

“அய்ய! இன்னா நீளம்!” விஜயா வாய்விட்டுச் சிரித்தார். முருகேசன் துள்ளிக் குதிக்காத குறை.

தியேட்டரில் பார்த்திருந்தால் கண் இமைப்பதற்குள் போயிருக்கும். ரிமோட் நம் கைக்கு வந்த பிறகு யார் கதாநாயகி என்பதை டைரக்டரா முடிவு செய்கிறார்? அன்று எங்களுக்குக் கதாநாயகி அந்த மயில்தான். அந்த அம்மாவை ஏழு தடவை விழவைத்தோம்!

கடைசியில் ஓடிய பெயர்களில் சமையல்காரர் வரை இருந்தார்கள், நெய்தவர் பெயர் இல்லை. எனக்குத்தான் வருத்தம். விஜயாவோ செய்யாறிலிருக்கும் தங்கைக்கு போன் போட்டுவிட்டார்.

“மூணாவது எபிசோடு பாருடி! அந்தம்மா கீழ உழறாங்களே… அது எங்க வூட்டுக்காரர் நெய்ஞ்ச புடவ!”

நேற்று எட்டிப் பார்த்தேன். போன் பழையபடி தறியில். முருகேசன் பக்கத்தில் முக்காலி போட்டு விஜயாவும் உட்கார்ந்து அதே சீரிஸ் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் சரி… தறியில் இருக்கும் மயிலை யார் பார்க்கிறார்கள்?