தம்பி மகளுக்குச் சுரந்த பால்

பருத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது என் மார்பு நனைந்தது. மடியில் கிடந்த பருத்தி மேலாக ஈரமாகிக் கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. குன்னத்துக் கரிசல் காடு, உச்சி வெயில். பக்கத்து வரிசையில் எடுத்துக்கொண்டிருந்தவள் பார்த்துவிட்டாள். "ஏன்டி, வானம் வெளுத்துக் கெடக்கு, ஒனக்கு மட்டும் எங்கேருந்துடி மழ பெஞ்சுச்சு?" என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். புருஷன் போய்ப் பல வருஷம் ஆனவள் நான். அந்தச் சிரிப்பு எதுவரைக்கும் போகும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் வரிசையை விட்டு வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைசிச் செடி வரைக்கும் எடுத்துவிட்டுத்தான் கரையேறினேன்.

அந்தப் பால் என் தம்பி மகளுக்காகச் சுரந்தது. தம்பி பெண்டாட்டி பிரசவம் ஆன சில நாளிலேயே ஜன்னி கண்டு போய்விட்டாள். பச்சைக் குழந்தையைத் துணியில் சுருட்டி அரியலூரிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, தம்பி சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினோம். குடித்ததெல்லாம் வயிற்றால் போனது. கண் உள்ளே போய், அழக்கூடத் தெம்பில்லாமல் முனகியது. அந்த முனகல் பொறுக்காமல்தான் வெறும் மார்பில் வைத்தேன். என் மகன் பால் மறந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் அது. வற்றின கிணறு என்று தெரிந்தும் ஒரு தடவை வாளியை இறக்கிப் பார்ப்பதில்லையா, அப்படி.

எங்கள் பக்கம் ஊர் ஊராக வருகிற நர்ஸம்மா ஒருத்தி அப்போது இருந்தாள். வெளியூர்ப் பெண், சின்ன வயசு. தோளில் பையோடு பஸ் இறங்கி, காட்டு வழியில் நடந்தே வருவாள். நல்லவள்தான், சும்மா சொல்லக்கூடாது. அன்றைக்கு அவள் உள்ளே வந்ததும், திட்டுவாளோ என்று மாராப்பை இழுத்து மூடினேன். "மூடாதீங்க அக்கா. விடாம சப்பட்டும், பால் வரும்" என்றாள். "இப்பப் பெக்காத ஒடம்புல எப்படிம்மா வரும்?" என்று கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். பிள்ளை சப்புவது தலைக்குள் போய்த் தட்டுமாம். அங்கிருந்து ஒரு சேதி ரத்தத்தில் இறங்கி மார்புக்கு வருமாம். பால் உண்டாக்குகிற வேலை அங்கே செத்துப்போகவில்லை, தூங்கத்தான் செய்கிறதாம். "ஒரு தடவ தட்டினா எழுந்திரிக்காதுக்கா. தட்டிக்கிட்டே இருக்கணும்" என்றாள். சங்குப் பாலை மார்பில் சொட்டுச் சொட்டாக வழியவிட்டால் குழந்தை சலிக்காமல் சப்பும் என்று செய்தும் காட்டினாள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. விடவில்லை. வாரங்கள் போய், முதலில் வெறும் ஈரம், பிறகு துளி, பிறகு பால். குழந்தைக்குக் கன்னம் வந்தது. மூத்திரத் துணி துவைத்து மாளவில்லை, அதுவே எனக்குப் பெருமையாக இருந்தது.

பருத்திக்காட்டுச் சிரிப்பு தம்பி பெண்டாட்டி பிறந்த ஊரான உடையார்பாளையம் போய்ச் சேர்ந்தது. தம்பியின் மாமியார் இரண்டு ஆம்பளைகளோடு வந்து எங்கள் ஊர்க் கோயில் வாசலில் நின்றாள். "தாலியறுத்தவளுக்குப் பாலு ஊறுதுன்னா அது ஊறுன வழி என்னன்னு கேளுங்க. எம் பேத்தி அந்த வூட்டுல வளர வேணாம்" என்றாள். ஊர்ப் பெரியவர் ஒருத்தர் என்னைப் பார்க்காமலே கேட்டார்: "பெத்தத எங்க போட்ட?" நான் குரலை உயர்த்தவில்லை. "பிள்ள சப்பினா பால் வருங்க. நர்ஸம்மாவக் கேளுங்க" என்றேன். ஆள் விட்டுக் கூட்டிவந்தார்கள். சாட்சி இருக்கிற தைரியத்தில் நான் தலை நிமிர்ந்து நின்றேன். அவள் தன் பைவாரைத் திருகிக்கொண்டே, "அப்படியும் வரலாம்னு சொல்லுவாங்க. எனக்குத் திட்டமாத் தெரியாதுங்க. பெரிய டாக்டரத்தான் கேக்கணும்" என்றாள். அவ்வளவுதான். குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பெற்ற தகப்பன், என் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊர் சொன்ன தீர்ப்பு என் மார்புக்குத் தெரியவில்லை. குழந்தை போன பிறகும் பால் கட்டிக்கொண்டு கல்லாகி, காய்ச்சல் கண்டது. மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். பெரம்பலூர் போய், கடைத்தெருவில் எல்லார் கண் முன்னாலும் பூ வாங்கினேன். "பூ வெக்காத கொண்டைக்கு யாருடி பூ கேட்டா?" என்று ஒருத்தி கேட்டாள். பந்துப் பூவை மடியில் கட்டிக்கொண்டு வந்தேன். பிறகொரு நாள் நர்ஸம்மா வந்து அழுதாள். "நான் தனியா இருக்கிறவ அக்கா. ஒங்களுக்காகப் பேசினா என்னையும் சேத்துப் பேசுவாங்க, அப்புறம் ஒரு வூட்டுலயும் உள்ள விடமாட்டாங்கன்னு பயந்துட்டேன். நீங்க சொன்னது உண்மைதான்" என்றாள். "அத எங்கிட்ட எதுக்கும்மா சொல்ற? எனக்குத்தான் தெரியுமே" என்றேன். கொஞ்ச நாளில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள்.

அந்தக் குழந்தை இன்றைக்குப் பெரம்பலூரில் அறிவியல் டீச்சர். விசேஷ வீடுகளில் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா அத்தை" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல முடியாது, கேட்டு வளர்ந்த கதை அப்படி. போன பொங்கலுக்கு அவளாகவே வீடு தேடி வந்தாள். பாடம் நடத்தப் படித்ததில் கண்ணில் பட்டதாம். நர்ஸம்மா பாதிவரைக்கும் சொன்னதற்கு மீதியைச் சொன்னாள். ரத்தத்தில் வருகிற சேதி பால் செல்லின் வெளிச்சுவரைத் தொட்டதும், உள்ளே சும்மா கிடந்த ஒரு புரதம் விழித்துக்கொள்ளுமாம். அது செல்லின் நடு அறைக்குள் புகுந்து, அங்கே இருக்கிற பாலுக்கான ஜீனை ஸ்விட்ச் போடுகிற மாதிரிப் போட்டுவிடுமாம். சப்புவது நின்றால் சேதி குறையும், அதுவும் மெல்ல அணைந்துவிடுமாம். கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கண்ணுக்கே தெரியாத ஒன்று, கிடைத்த சேதியைக் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டிய இடத்தில் சேர்த்துவிடுகிறது. வாய் இருந்த மனுஷியால் கோயில் வாசலில் அது முடியவில்லை.

"அப்ப நீங்க சொன்னது நெசந்தான் அத்தை. புக்குலயே போட்டிருக்கு" என்று முகமெல்லாம் மலரச் சொன்னாள், எனக்கு ஏதோ கொண்டுவந்து கொடுப்பவள் போல.

"குடிச்சவ நீ. ஒனக்குமா புக்கு வந்து சாட்சி சொல்லணும்?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.