அடுப்படிக்கு அளவு கொடுத்தவன்

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தம்பி வீட்டில் பால் காய்ச்சினார்கள். அங்கே நடந்ததை எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எழுதினால் தம்பிக்குத் தூக்கம் வராது. பரவாயில்லை... அவன் தூக்கம் கெடட்டும்.

எங்கள் அப்பா கட்டிய வீடு அது. தம்பி முருகேசன் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி யூனிட் வைத்திருக்கிறான். தொழில் கொஞ்சம் நிலைத்ததும், வீட்டைப் புதுப்பிக்கிறேன் என்று கிளம்பினான். எங்கேயோ ஒரு இங்கிலீஷ் பத்திரிகையில் கலர் படம் பார்த்திருக்கிறான் — பழைய மரத்தூண், வழவழவென்று தரை, இதமான மஞ்சள் வெளிச்சம். அன்றிலிருந்து அதே பேச்சுத்தான்.

"பழைய வீட்டு அழகும் போகக் கூடாதுக்கா, மாடர்னாவும் இருக்கணும். உள்ள நுழைஞ்சா மனசு அப்படியே குளுந்து போகணும்."

யார் மனசு என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

விசேஷத்துக்குச் சில நாள் முன்னால் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். வாசலிலேயே மறித்தான்.

"யக்கா, காலைக் கழுவிட்டு வா. நேத்துதான் மொசைக்குக்குப் பாலீஷ் போட்டுருக்கு."

சரி, கழுவினேன்.

பொய் சொல்லக் கூடாது. வீடு அழகாகத்தான் இருந்தது. தேக்குத் தூண்களைச் சுரண்டி வார்னிஷ் அடித்திருந்தான். சுவர்களுக்குச் சந்தன நிற டிஸ்டெம்பர். ஹால் ஜன்னல்களை அகலப்படுத்தியதில், செண்பகத்தோப்புப் பக்கமிருந்து வரும் காற்று நேராக உள்ளே இறங்கியது. டி.வி.க்கென்று சுவருக்குள்ளேயே ஒரு ஷோகேஸ். முதலில் கட்டியது உயரமாகப் போய்விட்டதாம். ஈஸி சேரில் சாய்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது என்று இடித்துவிட்டு, இறக்கிக் கட்டினார்களாம். அதைப் பெருமையாகச் சொன்னான். நானும் தலையை ஆட்டினேன்.

பிறகு அடுப்படிக்குப் போனேன்.

அங்கே தம்பி மனைவி பாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் எல்லோரும் நெட்டைக் கொக்குகள். பாக்கியம் என் தோளுக்குக்கூட வரமாட்டாள். அவளுக்கு முன்னால் புத்தம்புதுக் கடப்பாக்கல் மேடை, கறுப்பாகப் பளபளத்தது. அது அவள் நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. அதன் மேல் கேஸ் அடுப்பு. அதற்கு மேல் ஒரு பானை வைத்தால், உள்ளே கொதிப்பது சோறா குழம்பா என்று அவளுக்குத் தெரியாது.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய அடுப்படியில் தரையில் உட்கார்ந்துதான் சமையல். உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, பாக்கியத்தின் இரண்டு முழங்காலும் போய்விட்டன. இனிமேல் குத்தவைத்து உட்காரவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவ்வளவு பெரிய கட்டட வேலையில் அவள் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான் — நின்று சமைக்க ஒரு மேடை.

"ஏலே, இதுக்கு யாரை நிக்க வச்சு அளவு எடுத்த?" என்றேன் தம்பியிடம்.

"நான்தான் நின்னேன். எம்புட்டு உசரம் வைக்கன்னு கொத்தனார் கேட்டாரு. என் இடுப்புக்கு வச்சுக் காட்டுனேன். எனக்குச் சரியா இருந்துச்சே."

"நீ என்னைக்குலே சமைச்ச?"

"அதுக்கென்ன இப்பம்? அவளும் நிக்கத்தான போறா. நானும் நின்னுதான பாத்தேன்."

இது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.

"பாக்கியத்தைக் கூப்பிட்டுக் கேட்டா என்னலே?"

"கட்டட வேலை நடக்குற எடம். அம்புட்டு ஆம்பளைக நிக்காங்க. அங்க வீட்டுப் பொம்பளைக்கு என்னக்கா ஜோலி?"

அங்கே கலவை சுமந்த சித்தாள்கள் அத்தனை பேரும் பெண்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர்கள் நிற்கலாம். வீட்டுக்காரி செத்த நேரம் வந்து நின்றால் மட்டும் மானம் போய்விடும். ஆனால் ஒன்று — வேலையாட்களுக்கு வேளாவேளைக்குக் காபி போட்டு, வேலை முடியும்வரை குடியிருந்த வாடகை வீட்டிலிருந்து தூக்குச் சட்டியில் கொடுத்துவிட்டது பாக்கியம்தான். அவள் காபி மட்டும் உள்ளே போகலாம்.

என் கோபம் இதோடு நிற்கவில்லை. இதே முருகேசன் யூனிட்டில், பேண்டேஜ் துணி மடிக்கிற மேஜைகள் உயரமாக இருந்தன. பெண்களுக்குக் கை வலித்தது, வேலை மந்தமானது. உடனே ஆசாரியைக் கூப்பிட்டு மேஜைக் கால்களை அறுக்கச் சொன்னான். ஆக, ஐயாவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. வேலை மந்தமானால் தெரியும். பொண்டாட்டி எப்படியும் சமைத்துவிடுவாள்... அதனால் தெரியவில்லை.

"இடிச்சுட்டு இறக்கிக் கட்டு" என்றேன்.

"என்னக்கா பேசுத? விசேஷத்துக்கு ஊரையே கூப்பிட்டாச்சு. புது வீட்டுல கடப்பாரை போட்டா ஆகாது. ஒரு பலகையைப் போட்டு ஏறி நின்னுக்கிட்டா முடிஞ்சுது."

டி.வி.க்காக இடிக்கலாம். அதற்கு ஆகும். ஆகாதது அடுப்படிக்கு மட்டும்தான்.

பாக்கியம் பலகை போட்டு நின்றுதான் பார்த்தாள். அடுப்புக்கு முன்னால் நின்றால் சரி. தண்ணீர் பிடிக்க இறங்க வேண்டும். திரும்ப ஏற வேண்டும். உப்பு எடுக்க இறங்க வேண்டும். முழங்கால் போனவளுக்கு இதுவா வைத்தியம்? கொதிக்கிற குழம்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தடவை கால் பிசகினால் என்ன ஆகும்?

தம்பி ஹாலுக்குப் போன பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"விடுங்க மதினி. அவியகிட்ட ஏன் மல்லுக்கு நிக்கிய? நான் கேட்டது இது ஒண்ணுதான். அதையும் கேட்டிருக்க வேண்டாம் போல."

அந்த வீட்டில் காபிகூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

நீங்கள் கவனித்திருக்கிறீர்களா? வீடு கட்டும்போது ஹாலுக்கு ஊரெல்லாம் யோசனை கேட்பார்கள். இன்ஜினீயர், சம்பந்தி, எதிர்த்த வீட்டு மில்காரர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எப்போதாவது வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து போகிறவனுக்கு எது சுகம் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். முப்பது வருஷம் ஓர் இடத்தில் நிற்கப் போகிறவளிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கேட்டால், "அவளுக்கு என்ன தெரியும்?" என்பார்கள். அவளுக்குத் தன் உயரமாவது தெரியாதா?

விசேஷத்தன்று ஒரு சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். நான் வாயைத் திறக்கவே வேண்டியிருக்கவில்லை.

ஹால் நிறையச் சொந்தக்காரர்கள். தூண்களைத் தடவிப் பார்த்து, தரையில் முகம் தெரிகிறது என்று ஆளாளுக்குப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள். நல்ல நேரம் வந்ததும் எங்கள் சித்தப்பா, "வீட்டுக்காரியைப் பாலை வைக்கச் சொல்லுங்க" என்றார். எல்லோரும் அடுப்படி வாசலில் கூடினோம்.

பட்டுச் சேலையில் பாக்கியம் பால் பானையோடு வந்தாள். மேடைக்கு முன்னால் பலகை தயாராகக் கிடந்தது. அவள் அதைக் காலால் ஓரமாக ஒதுக்கிவிட்டாள். பானையைத் தம்பி கையில் கொடுத்தாள்.

"நீங்க காய்ச்சுங்க. உங்க அளவுக்குத்தான கட்டியிருக்கு."

தம்பி சிரித்துச் சமாளித்தான். "ஏட்டி, வெளையாடாத. நேரம் போவுது."

"நான் வெளையாடலை. எனக்கு எட்டலை."

குரலை உயர்த்தவில்லை. அழவும் இல்லை. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வேறு வழியில்லாமல் முருகேசன் போய் நின்றான். தீக்குச்சி தீக்குச்சியாகக் கிழித்தான்... அடுப்பு பற்றவில்லை. சிலிண்டரைத் திறக்க வேண்டும் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ சொன்ன பிறகு திறந்தான். தீயைக் குறைக்கத் தெரியாமல் பால் பொங்கி அடுப்பை அணைத்து, கடப்பாக்கல்லில் வழிந்து, அவன் பட்டு வேட்டியில் இறங்கியது.

பால் பொங்கிவிட்டது, நல்ல சகுனம் என்றார் சித்தப்பா.

ஆம்பிளைகள் சாப்பிடப் போன பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக மேடையோடு ஒட்டி நின்று அளந்து பார்த்தார்கள். "எங்க வீட்டுல பரவாயில்ல, தோள்பட்டைதான் வலிக்கும்" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "எனக்குப் பலகை பழகிப் போச்சு" என்றாள். எத்தனை வீடுகள் இப்படி...

அன்றைக்குச் சாயங்காலமே பாக்கியம் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கும் வாடகை வீட்டுக்கே போய்விட்டாள். அங்கே ஒரு பழைய சிமெண்ட் மேடை இருக்கிறது. அவளுக்குச் சரியான உயரம்.

"சமையல் அங்கதான். இங்க சரியானதும் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

ஆக, என் தம்பி இப்போது மனசு குளிரும் ஹாலில், தேக்குத் தூணுக்குப் பக்கத்தில், ஈஸி சேரில் சாய்ந்து டி.வி. பார்க்கிறான். கழுத்து வலிக்கவில்லை. ஒரு வாய் காபி வேண்டுமென்றால் சட்டையை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு நடக்கிறான்.

நேற்று யூனிட்டிலிருந்து எனக்குப் போன்.

"யக்கா, மேடையை இடிச்சுருதேன். கொத்தனார் நாளைக்கு வாராரு."

என் தம்பிக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன்.

"பாக்கியத்துகிட்டச் சொன்னியாலே?"

"அவகிட்ட எதுக்குக்கா? கோவத்துல இருக்கா. நீ ஒரு எட்டு வந்து, குத்துமதிப்பா ஓர் அளவு சொல்லிட்டுப் போயேன்."

அதற்கு நான் சொன்ன பதிலை இந்தப் பத்திரிகை ஆசிரியர் அச்சில் போட மாட்டார்.