கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் அரியலூரில் குடியிருந்தோம். வீட்டுக் கேட்டில் இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்றில் ‘நாய் ஜாக்கிரதை’ என்று எழுதியிருக்கும். எங்களிடம் நாய் கிடையாது. இன்னொன்றில் ‘பூப் பறிக்கக் கூடாது’. இரண்டையும் எழுதித் தொங்கவிட்டவர் என் கணவர். தாலுகா ஆபீஸில் கிளார்க், வீட்டில் தோட்டத்துக்கு வாட்ச்மேன்.

அந்த மண்ணில் ஒரு முழம் தோண்டினால் சுண்ணாம்புக்கல் தட்டும். இவர் கல்லைப் பெயர்த்தெறிந்துவிட்டு, உடையார்பாளையம் பக்கமிருந்து வண்டியில் செம்மண் அடித்து, ரோஜாவும் குரோட்டன்ஸும் வைத்தார். செடிகள் வந்தன. மனிதர்கள்தான் வரவில்லை. குடிவந்து நாலு வருஷமாகியும், தெருப் பெண்களில் ஒருத்திகூட அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டதில்லை. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. பேச ஓர் ஆள் இல்லாமல் பகலெல்லாம் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். ரேடியோ வாங்கிக் கொடுத்தார்.

ஊரில் மாதர் சங்கம் ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்கு வருகிறவர்களின் துணைக்கு வந்தவர்கள் வெயிலில் நிற்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கொட்டகை போடவேண்டும் என்று சங்கத்தில் முடிவானது. தலைவியம்மா ஒரு யோசனை சொன்னார். நல்ல தோட்டமுள்ள மூன்று வீடுகளை டிக்கெட் போட்டுச் சுற்றிக்காட்டலாம். மூன்றாவது வீடு எங்களுடையது.

“காசு வாங்கிட்டு கண்ணு வைக்க விடுறதா?” என்று கணவர் குதித்தார்.

“கொட்டகைக்குத்தானேங்க. புள்ளத்தாச்சிக்குத் தொணைக்கு வந்தவங்க வெயில்ல நிக்கிறாங்க” என்றேன்.

கொட்டகை மேல் எனக்கு அக்கறை உண்டுதான். கேட் திறக்கும் என்பதில் இன்னும் அதிக அக்கறை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டத்தோடு போனேன். முதல் வீட்டில் ஒரு பப்பாளி மரமும் கிணறும் இருந்தன. பப்பாளியை மரியாதையாக நின்று பார்த்தோம். ஒரு அம்மா கிணற்றை எட்டிப் பார்த்து, “தண்ணி இருக்கு” என்றார். இரண்டாவது வீட்டில் துளசி, செம்பருத்தி. அதோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. செடியைக் கேட்டு வாங்கி வைத்தால் வேர் பிடிக்காது. உடையவருக்குத் தெரியாமல் எடுத்து வைத்தால்தான் தழைக்கும். இதை யாரும் திருட்டு என்று நினைப்பதில்லை. செடிக்குச் செய்கிற மரியாதை. நர்சரியில் ரசீது போட்டு வாங்குகிற என் கணவர் இதை மறந்துவிட்டார்.

அவர் ஒரு ரோஜாவைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் முதுகுக்குப் பின்னால் வேலை மும்முரமாக நடந்தது. முந்தானைகள் கனத்தன. தலைவியம்மா மடக்கி வைத்திருந்த குடை, வரும்போது இருந்ததைவிடப் பருத்திருந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு எல்லோருக்கும் மோர் ஊற்றினேன். கணவர் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டால் பிறகு யார் வருவார்கள்?

எல்லோரும் போனபின் அவர் சுற்றிப் பார்த்தார். பலகையில் எழுதியிருந்தபடி பூவை ஒருவரும் பறிக்கவில்லை. கிளையோடு ஒடித்திருந்தார்கள். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மறுநாள் கேட்டுக்குப் பூட்டு வாங்கி வந்தார். எனக்கு அதுதான் பெரிய துக்கம்.

கொட்டகைக்குக் கால் நட்ட சமயத்தில் தலைவியம்மா கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். கையில் ஒரு இலை.

“சார், எங்க வூட்ல ஒரு குரோட்டன்ஸ் இருக்குங்க. யாரோ குடுத்தாங்க. இலையெல்லாம் கொட்டுது.”

அந்த மாதிரிச் சிவப்பில் மஞ்சள் புள்ளி அரியலூரிலேயே எங்கள் வீட்டில்தான் உண்டு. கணவர் இலையை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“தண்ணி ஜாஸ்தி ஊத்துறீங்க. கொறைங்க. செம்மண் இருக்கா?”

“இல்லைங்க சார்.”

பூட்டைத் திறந்து ஒரு பை செம்மண் கொடுத்தார். அதைத் தலைவியம்மா வெளிப்படையாகவே வாங்கிக்கொண்டார். மண்ணைக் கேட்டு வாங்கத் தடையில்லை.

அதன்பின் ஒவ்வொருவராக இலையோடு வந்தார்கள். எல்லோருக்கும் செடியை ‘யாரோ’ கொடுத்திருந்தார்கள். அந்த யாரோ ஊரிலேயே பெரிய கொடையாளியாகிவிட்டார். என் கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டரைப்போல உட்கார்ந்து இலை பார்த்தார், பூட்டுப் போடுவதையும் விட்டுவிட்டார். ஆனால் வந்தவர்கள் கேட்டருகே நின்றபடியே அவரிடம் பேசிவிட்டுப் போனார்கள். எனக்குக் கிடைத்தது ‘வாங்க’, ‘போயிட்டு வாங்க’ மட்டும்தான். ரேடியோ இதைவிட அதிகம் பேசியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த தெருக் கம்பவுண்டரின் மனைவி வந்து நின்றாள். என்னைவிட ஓரிரண்டு வயது சின்னவளாக இருப்பாள். கையில் ஒன்றுமில்லை.

“இலை எங்க?” என்றார் கணவர்.

“கொண்டாரலைங்க சார்.”

“இலையப் பாக்காம எப்படிச் சொல்றது? செடிக்கு என்ன?”

“செடி நல்லாத்தாங்க இருக்கு. அக்காவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

“எந்த அக்கா?” என்று கேட்டார்.

அவள் என்னைக் காட்டினாள். அவர் திரும்பிப் பார்த்தார். நான் அழுதுகொண்டிருந்தேன். ‘வாங்க’ என்ற அந்த ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை.

அவர் எழுந்து போய்க் கேட்டை அகலத் திறந்து, “உள்ள வாம்மா” என்றார்.