அத்தை வைத்த பெயர்

கெப்புவேலி தான் வாங்கி வந்த டிவியைத் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தது ஒரு வாரம்தான். நியூசிலாந்துக்குப் பழம் பறிக்கப் போய்த் திரும்பிய வருஷம், அதைப் போர்வையில் சுற்றி, கப்பலில் ஏற்றி, இறக்கும்போது யாரையும் தொடவிடாமல் தானே தூக்கி வந்து சுவரில் மாட்டினான். ஒரு வாரம் ரக்பி பார்த்தான். அப்புறம் அந்தத் தொடர் ஆரம்பித்தது. எதிர்வீட்டிலிருந்து அவன் அக்கா பெலெனைசே பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் எழுந்து வெளியே போனான்.

அக்காவும் தம்பியும் ஒரே அறையில் உட்கார்ந்து படம் பார்க்கிற வழக்கம் எங்கள் டோங்காவில் கிடையாது. அதுவும் ஃபிலிப்பைன்ஸ் தொடர்! எந்த நிமிஷம் யார் யாரைக் கட்டிப்பிடிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அக்கா உள்ளே வந்தால் தம்பி வெளியே. பேச்சிலும் அப்படித்தான். மழை வருமா, சேப்பங்கிழங்கு விளைந்ததா என்று பேசலாம். மனசில் இருப்பதைப் பேச முடியாது. அதனால் மாலை ஜெபம் முடிந்ததும் கெப்புவேலி சன்னலுக்கு வெளியே, சீமைப்பலா மரத்தடியில் கிடந்த பழைய வேன் சீட்டில் போய் உட்கார்ந்துகொள்வான். உள்ளே இருபது பெண்கள். வெளியே அவன், நாய், சில பன்றிகள்.

ஊரில் அவனை நல்லவன் என்பார்கள். எதிர்த்துப் பேசத் தெரியாதவனுக்கு எங்கள் ஊர் கொடுக்கிற பட்டம் அது. சபைப் பாடகர் குழுவில் அடிக்குரல் அவனுடையது, பாடினால் பலகை அதிரும். பாட்டு முடிந்ததும் அந்தக் குரல் எங்கே போய் ஒளிந்துகொள்ளும் என்று தெரியாது.

அவனுக்குக் கதை காதில்தான் விழும், அதுவும் அக்காவின் குரலில். தொடரில் பேசுவது இங்கிலீஷ், வந்து உட்காரும் பெண்களில் பாதிப் பேருக்கு அது புரியாது. பெலெனைசே துறைமுக ஆபீஸில் வேலை பார்த்தவள். அவள்தான் வரிக்கு வரி எங்கள் பேச்சில் சொல்வாள். மாமியார் பேசினால் மாமியாரின் கரகரப்பு, வக்கீல் பேசினால் வக்கீலின் இழுப்பு. கதாநாயகி பேசும்போது மட்டும் குரலை மாற்ற மாட்டாள். தன் குரலிலேயே சொல்வாள்.

கதாநாயகி பெயர் ரோசாமின்டா. எங்கள் நாக்கில் அது லோசாமினிதா. கடலுக்குப் போன புருஷன் திரும்பி வரவில்லை. மாமியார் படுத்துகிற பாடு கொஞ்சமில்லை. அவளோ அழுதுகொண்டே சமைப்பாள், அழுதுகொண்டே துணி துவைப்பாள், வாசலில் நின்று பாதையையே பார்ப்பாள். பெலெனைசேயின் புருஷன் ஹோப்போவாதேயும் ஆஸ்திரேலியாவுக்குத் திராட்சை பறிக்கப் போனவன்தான். ஒரு கிறிஸ்துமஸுக்குத் துணி அனுப்பினான், அடுத்த கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்பினான், பிறகு ஒன்றுமில்லை. அங்கே வேறு குடும்பம் இருப்பது ஊருக்கே தெரியும். அவள் எதிரே ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். "நான் காத்திருப்பேன்" என்று லோசாமினிதாவுக்காக அவள் சொல்லும்போது, மரத்தடியில் கெப்புவேலி தலையைக் குனிந்துகொள்வான். அக்காவை நினைத்து அவன் அழுததெல்லாம் அந்த வேன் சீட்டில்தான்.

இந்த நேரத்தில்தான் அவன் மனைவி தோவாகாசேவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தம்பி பிள்ளைக்குப் பெயர் வைப்பது அத்தையின் உரிமை. அப்பனுக்குக்கூட அதில் பேச்சில்லை. கெப்புவேலிக்குச் செத்துப்போன தன் அம்மா பெயரை வைக்க ஆசை. அக்காவுக்கும் அவள் அம்மாதானே, அந்தப் பெயரைத்தான் சொல்வாள் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

பெலெனைசே குழந்தையை வாங்கி நெற்றியில் மூக்கை வைத்து மோந்தாள்.

"லோசாமினிதா," என்றாள்.

தோவாகாசே புருஷனைப் பார்த்தாள். அவன் ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்தான். ஞானஸ்நானத்தன்று போதகர் மட்டும், "இது பைபிள்ல இல்லாத பேராச்சே" என்று லேசாக இழுத்துப் பார்த்தார். அவர் மனைவி தினமும் முன்வரிசையில் உட்கார்ந்து தொடர் பார்க்கிறவள்.

"நீங்க வளர்க்கிற பன்னிகூடத்தான் பைபிள்ல தின்னக்கூடாதுன்னு இருக்கு. பேசாம தண்ணியத் தெளிங்க," என்று அவள் புருஷனை அடக்கினாள்.

தெளித்தார்.

குழந்தைக்குப் பல் முளைத்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்து நடந்தது. தொடர் முடிகிற வழியாக இல்லை. ஒருநாள் மாலை, கெப்புவேலி மகளை மடியில் வைத்து வாழைப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தான். உள்ளே பெலெனைசேயின் குரல் சட்டென்று நின்றது. படத்தில் யாரோ சிரித்தார்கள். பெண்கள் "ஐயோ!" என்று கத்தினார்கள்.

"என்னக்கா சொன்னா? சொல்லுக்கா!"

பெலெனைசே தொண்டையைச் செருமினாள். "அவளுக்கு... உடம்பு சரியில்லையாம்."

பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் சியோசியானா விடவில்லை. "அத்தை, அவ அப்படியா சொன்னா? மாமியாக் கிழவி சூப்புல விஷம் வச்சது நான்தான், கிழவி போனா நிலமெல்லாம் எனக்குத்தான்னு சொல்லிச் சிரிக்கிறா. புருஷன் செத்தது தெரிஞ்சேதான் இத்தனை நாளும் காத்திருக்கிற மாதிரி நடிச்சிருக்கா."

"அடிப்பாவி! அத்தனை அழுகையும் நடிப்பா?"

"இவளுக்காக நான் உபவாசம் இருந்து ஜெபம் பண்ணினேன்டி!" இது போதகர் மனைவி.

"நாசமாப் போறவளே லோசாமினிதா!"

மடியில் இருந்த குழந்தை வாழைப்பழத்தை விட்டுவிட்டு, பெயர் கேட்ட பக்கம் தலையைத் தூக்கிப் பார்த்தது. "ம்?" என்றது.

ஊருக்கு வேறென்ன வேண்டும்? பொய் சொல்கிறவள் லோசாமினிதா, கடன் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தராதவள் லோசாமினிதா. செமிசி வீட்டில் வேலியை முட்டித் தோட்டத்துக்குள் புகும் பெட்டைப் பன்றிக்கும் அதே பெயர் வந்தது. ராத்திரி ஆண்கள் கூடி காவா வேர்ச்சாறு குடிக்கிற கூட்டத்தில் கெப்புவேலி போய் உட்கார்ந்தால் போதும்.

"கெப்புவேலி, எங்க வீட்டுல இன்னிக்கு சூப்புடா. உன் பொண்ண அந்தப் பக்கம் விட்டுடாதே."

"என் மாமியா வந்திருக்கா. நீ விட்டேன்னா உனக்குப் புண்ணியம்."

எல்லோரும் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். கோபப்பட்டால் கேலி ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரியும். வீடு திரும்பும் வழியெல்லாம் யோசிப்பான். ஒரு வயசுக் குழந்தை என்ன செய்தது? பள்ளிக்கூடம் போனால் பிள்ளைகள் விடுவார்களா? கல்யாண வயசில் எந்த மாமியார் இவள் கையால் சூப் வாங்கிக் குடிப்பாள்?

பெயரை வைத்தவள்தான் அதை எடுக்க முடியும். தோவாகாசேவிடம் சொல்லிப் பார்த்தான்.

"உங்க அக்காகிட்ட நானா? நான் இந்த வீட்டுக்கு வாழ வந்தவ. நீங்களே பேசுங்க."

"நான் எப்படிப் பேசுறது?"

"அப்ப மரத்தடியில உட்கார்ந்து பன்னிகிட்டப் பேசுங்க," என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள்.

போதகரிடம் போனான். அவர், தான் ஒரு தடவை பேசிப் பட்டதே போதும் என்றார்.

உள்ளே பெலெனைசே தனியாகப் போராடிக்கொண்டிருந்தாள். இருபது பெண்களும் லோசாமினிதாவைத் திட்ட, அவள் ஒருத்தி மட்டும் பரிந்து பேசினாள். "பொறுங்கடி. ஏதோ காரணம் இருக்கும். யாரோ மிரட்டிச் சொல்ல வச்சிருப்பாங்க. கடைசியில பாருங்க, திருந்திடுவா." லோசாமினிதா கொடூரமாகப் பேசினால் அதைக் கொஞ்சம் இனிப்பாக்கிச் சொன்னாள். சியோசியானா திருத்தினாள். நாளடைவில் திருத்துவதை அவளும் விட்டுவிட்டாள், பாவம் என்று.

ஆக்லாந்தில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு கெப்புவேலி போன் போட்டான். அங்கே அந்தத் தொடர் எப்போதோ முடிந்துவிட்டது.

"முடிவு என்ன? அவ திருந்துவாளா?"

"திருந்துறதா! போலீஸ் துரத்திட்டு வரும், பாறை மேலருந்து கடல்ல விழுந்து சாவா. எங்க வீட்டுல கைதட்டினோம். ஏன் அண்ணா, நீங்களும் பார்க்கிறீங்களா?"

அவன் போனை வைத்துவிட்டான். எடுத்தது மணிலாவில், முடிந்தது எப்போதோ. அவள் கடலில் விழுந்து செத்தாயிற்று. அது தெரியாமல் அக்கா தினமும் பாயைச் சுருட்டிக்கொண்டு வருகிறாள். வாசலில் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கும்போதெல்லாம் சொல்லிவிடலாமா என்று தோன்றும். "மழை வரும்போல இருக்கு," என்பான். "ஆமா," என்று அவள் உள்ளே போவாள்.

கடைசி நாள் வந்தபோது மகளுக்கு மூன்று வயசு நெருங்கிவிட்டது. வீட்டுக்குள் பெண்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கெப்புவேலி மகளைத் தூக்கிக்கொண்டு வெளிச்சுவரில் இருந்த மின்பெட்டி அருகே போய் நின்றான். சுவிட்சைக் கீழே தள்ளினால் படம் நின்றுவிடும். கை பெட்டி வரைக்கும் போனது. நிறுத்தி என்ன ஆகப்போகிறது? நாளைக்கு மறு ஒளிபரப்பு. கையை எடுத்துக்கொண்டு வேன் சீட்டுக்கே திரும்பினான்.

உள்ளே அலைச்சத்தம் கேட்டது, போலீஸ் விசில் கேட்டது. பெலெனைசேயின் குரல் நடுங்கிக்கொண்டே வந்தது.

"கிட்ட வராதீங்க..."

"குதிடி!" என்றது ஒரு குரல்.

"இன்னும் என்ன பேச்சு அவளுக்கு? செத்துத் தொலை லோசாமினிதா!"

"லோசாமினிதா! லோசாமினிதா!" எல்லோரும் தரையைத் தட்டினார்கள்.

மடியில் இருந்தவள் துள்ளி இறங்கினாள். "வர்றேன்!" என்று வாசலைப் பார்த்து ஓடினாள். இத்தனை பேர் சேர்ந்து கூப்பிட்டால் ஓடாமல் இருப்பாளா?

கெப்புவேலி பின்னாலேயே ஓடினான். படி வரைக்கும் ஓடினான். உள்ளே அக்கா இருந்தாள். கால் அதற்கு மேல் எழவில்லை.

அங்கிருந்துதான் அவன் முதல் தடவையாகத் திரையில் லோசாமினிதாவைப் பார்த்தான். அக்கா மாதிரி இருப்பாள் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தான். யாரோ ஒரு சின்னப் பெண், உதட்டில் சாயம், முகமெல்லாம் தண்ணீர். அவளுடைய கடைசி வரியை பெலெனைசே இனிப்பாக்காமல் அப்படியே சொன்னாள். "என்னைத் தேடி யாரும் வரலை." அதைச் சொல்லி முடிக்கும்போது குழந்தை கூட்டத்தைத் தாண்டிப் போய் அத்தையின் முழங்காலைக் கட்டிக்கொண்டது.

"அத்தை, நான் வந்துட்டேன்."

தரையைத் தட்டிய கைகள் நின்றன. படத்தில் அவள் விழுந்தாள். பெலெனைசே குழந்தையின் தலையில் முகத்தைப் புதைத்து அழுதாள். அது படத்துக்கான அழுகை இல்லை என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. போய் அந்தத் தோளைத் தொட வேண்டும் போல கெப்புவேலிக்கு இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிலேயே நின்றான்.

கொஞ்ச நேரம் கழித்து பெலெனைசே மூக்கைத் துடைத்தாள். "இவ இனிமே பெலெனைசே. என் பேரை இவளுக்குக் குடுத்துட்டேன்," என்றாள்.

பெண்கள் கும்பலாகக் கைதட்டினார்கள். தோவாகாசே நாத்தனாரின் காலடியில் உட்கார்ந்து அழுதாள். ஞாயிற்றுக்கிழமை பன்றி வெட்டி மண்ணடுப்பில் வைத்து விருந்து நடந்தது. செமிசியின் பன்றிதான், அந்தப் பெயரும் அதோடு ஒழியட்டும் என்று அவனாகவே கொடுத்தான். காவா கூட்டத்தில் கேலி நின்றது. கெப்புவேலிக்கு வேண்டியது, அக்காவிடம் கேட்காமலேயே கிடைத்துவிட்டது.

பிள்ளைதான் புதுப் பெயருக்குத் திரும்பவில்லை. "பெலெனைசே" என்று கூப்பிட்டால் அத்தையைத் தேடிப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை, குளிக்கக் கூப்பிட்டாலும் வரவில்லை. பெரிய பெலெனைசே அவளை மடியில் வைத்துப் பொறுமையாகச் சொன்னாள்.

"லோசாமினிதா செத்துப் போயிட்டா கண்ணு. இனிமே அவ இல்ல. சரியா?"

சரி என்று தலையாட்டினாள்.

மறுநாள் காலையில் கெப்புவேலி அவளைக் கூட்டிக்கொண்டு கிழங்குத் தோட்டத்துக்குப் போனான். அவன் முன்னால் நடந்தான். பின்னால் காலடிச் சத்தம் நின்றதும் திரும்பிப் பார்த்தான். அவள் பாதை நடுவில் நின்று தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நான் எப்ப செத்தேன்?"

அவன் வாயைத் திறந்தான். கூப்பிட்டுப் பக்கத்தில் இழுத்துக்கொள்ள வேண்டும். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "வா," என்று மட்டும் சொன்னான்.