கலங்கரை விளக்கில் ஊடு பார்த்த கதை

பக்கத்து வீட்டில் போன வாரம் மாப்பிள்ளை வீடு பார்த்தார்கள். கஞ்சிக்கோட்டில் உட்கார்ந்துகொண்டு, துபாயில் இருக்கும் வீட்டை மொபைலிலேயே குளியலறை வரை பரிசோதித்து, "பரவால்லீங்க" என்று முடித்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் மாமனாரை நான் படகில் ஏற்றிக் கொண்டுபோயல்லவா வீடு காட்டவேண்டியிருந்தது.

ஐம்பதுகளின் சங்கதி. பாலக்காட்டுக்குக் கிழக்கே சோளமும் கடலையும் போட்ட குடும்பத்தில் பிறந்து, நடுக்கடல் தீவொன்றில் கலங்கரை விளக்குக் காவலனாகப் போனவன் நான் ஒருவன்தான். சர்க்கார் உத்தியோகம் என்றதும், எனக்குப் பார்த்த பெண் மரகதத்தின் அப்பா மயங்கினார். ஆனால் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை ஊடு பார்க்காமல் பெண் கொடுக்கமாட்டார்கள். எங்கள் வீட்டைக் காட்டினால், "பொண்ணு குடும்பம் நடத்தறது அங்கதானுங்களே" என்று தீவுக்கே கிளம்பிவிட்டார். அதுவும் மூன்று பங்காளிகளோடு, ஒரு வாழைத்தாரோடு.

படகில் நால்வரும் எடுத்த வாந்தியை விவரிக்கமாட்டேன். நீங்கள் சாப்பிடும் நேரமாக இருக்கலாம். தீவில் இறங்கியதும் ஒரு பங்காளி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்தார். "உப்புங்க" என்றார், ஏதோ நான் கொண்டுபோய்க் கொட்டியதைப் போல. மாமனார் கிணறு தேடினார். மழைத்தண்ணீர்த் தொட்டியைக் காட்டினோம். எங்கள் தலைமைக் காவலர் ராவுத்தர், பாலக்காட்டு ஜவுளிக்கடைக் குடும்பம். வியாபாரப் பேச்சு போகுமா? "வரப்புத் தகராறே கெடையாதுங்க, நாலு பக்கமும் கடலு" என்று என்னை விற்கப் பார்த்தார். மரகதத்தை ஒருமுறைதான் பார்த்திருந்தேன். அதற்குள் அந்தத் தீவில் அவளோடு மனசுக்குள் குடித்தனம் ஆரம்பித்துவிட்டேன். பெண் கிடைக்காமல் போனால் தாங்கமாட்டேன் போலிருந்தது.

கோபுரத்துக்குள் கூட்டிப்போனேன். கயிற்றில் தொங்கும் இரும்புக் குண்டைக் கைப்பிடி சுற்றி மேலே ஏற்றவேண்டும். அது இறங்க இறங்க விளக்கு சுழலும். மாமனாரின் முகம் மலர்ந்தது. "அட, நம்ம கவலையேதானுங்க" என்றார். ஊரில் மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கும் கவலையும் இதே கயிறு, இதே ஏற்ற இறக்கம்தானே. நால்வரும் முறைபோட்டுச் சுற்றினார்கள். பிறகு வியர்வையைத் துடைத்துக்கொண்டே மாமனார் கேட்டார்.

"மாடு எங்கீங்க?"

"மாடில்லீங்க. நாந்தானுங்க."

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர் மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆளு பரவால்லீங்க, பொண்ணு தர்றேன். ஆனா அவ எங்கூட்டுலயே இருக்கட்டும். நீங்க லீவுக்கு வந்துட்டுப் போங்க."

அப்படியே வாழ்ந்தோம். வருஷத்துக்கு ஒரு மாதம் லீவு. பிள்ளைகள் லீவுக் கணக்கில் பிறந்தார்கள். ஊரில் கவலை போய் பம்புசெட் வந்தது. தீவில் குண்டு போய் மோட்டார் வந்தது. கடைசியில் வெயிலிலிருந்தே மின்சாரம் எடுத்துத் தானே எரியும் விளக்கு வந்து, காவலனே வேண்டாம் என்றார்கள். மரகதம் இருந்த மாமனார் வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். ஒரு மாதம் போனதும், மரகதம் பழக்கதோஷத்தில் என் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இனிப் போறதில்ல மரகதம். அங்க ஆளே வேண்டாம்னுட்டாங்க."

கையிலிருந்த சட்டையோடு வீட்டைச் சுற்றிலும் பார்த்தாள்.

"ஏனுங்க, இந்த ஊட்டுல உங்க துணி வெக்க ஒரு எடமே இல்லீங்களே" என்றாள்.