குலுங்கிய இரத்தம்

யுத்த காலத்தில் எங்கள் ஊரில் இரத்தம் எவருடைய அனுமதியும் இல்லாமல் ஓடியது. குப்பியில் அடைத்த இரத்தத்துக்குத்தான் அனுமதி தேவைப்பட்டது.

அக்கா வாவிக்கு அந்தப்பக்கம், படுவான்கரையில் வயல் வட்டையோரமாக இருந்தார். சிறுநீரகங்கள் இரண்டும் மெல்ல மெல்லக் கைவிட்டுக்கொண்டிருந்தன. நான் இந்தப்பக்கம், புளியந்தீவில், கச்சேரி என்னும் அரச செயலகத்தில் உத்தியோகம். நடுவில் தண்ணீர். அதைக் கடக்க நாங்கள் ‘பாதை’ என்று சொல்லும் மிதவைப் படகு. இரண்டு கரையிலும் துவக்கு ஏந்திய ஆட்கள். கால் வீங்கிய மனுசியை மாதாமாதம் ஏற்றி இறக்கிச் சோதனைக்கு நிறுத்த மனம் வரவில்லை. ஆகவே அக்கா அங்கேயே இருக்க, அவருடைய இரத்தம் மட்டும் பயணம் செய்தது. ஊர் மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் அப்போத்திக்கரி எடுத்துத் தருவார். நான் கொண்டுவந்து நகரத்து ஆய்வுகூடத்தில் கொடுப்பேன்.

இரத்தத்தைக் கடத்துவதற்கு எந்தச் சுற்றறிக்கையும் இருக்கவில்லை. நானே மூன்று மொழியில் ஒரு கடிதம் தட்டச்சடித்து, முத்திரை குத்தி வைத்திருந்தேன். முத்திரை வட்டமாக இருந்தால் சோதனைச் சாவடியில் பாதி மரியாதை கிடைக்கும் என்பது என் சேவைக்காலத்துப் பாடம்.

அன்று சாவடியில் நின்ற சிப்பாய் புதியவன். கடிதத்தைப் பார்க்கவில்லை. குப்பியை வெயிலில் தூக்கிப் பிடித்தான். பிறகு காதருகே வைத்து, பாணி மருந்தைக் குலுக்குவதுபோலக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினான். அவனுடைய அதிகாரி சாப்பிட்டு வரும்வரை அது மணல் மூட்டையின் மேல் வெயில் காய்ந்தது.

ஆய்வுகூடக்காரர் அதை இயந்திரத்தில் சுழற்றி எடுத்து என் கண்முன் பிடித்தார். மேலே நிற்கும் நீர் வைக்கோல் நிறமாக இருக்க வேண்டும். அது சிவந்திருந்தது.

“சேர், இது நல்லாக் குலுங்கிரிக்கு. அணுக்கள் உடைஞ்சா உள்ள இரிக்கிற பொட்டாசியம் வெளியில வந்திரும். அஞ்சுக்குள்ள இரிக்க வேண்டிய கணக்கு ஏழுக்கு மேல காட்டுது. பொய்யாவும் இரிக்கலாம்.”

“மெய்யாக இருந்தால்?”

“மெய்யெண்டா, சேர், இதயம் எந்த நேரமும் நிண்டிரும். ஆளைக் கொண்டு வாங்க.”

அன்று பின்னேரமே பாதையை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கரையில் ஷெல் விழும் சத்தம் கேட்டது. ஷெல்லாவது சொல்லிக்கொண்டு வருகிறது என்று எனக்குத் தோன்றியது. சத்தமே இல்லாத ஒன்று அக்காவின் நெஞ்சுக்குள் இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பொறுப்பான அதிகாரி எவரும் இல்லாத விஷயம் அது; விண்ணப்பிக்கவும் இடமில்லை.

அடுத்த நாள் காலையில் பாதை திறந்ததும் முதல் ஆளாக ஏறினேன். அக்கா முற்றத்தில் கதிரையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் வெட்டிப் போட்ட செவ்விளநீர்க் கோம்பைகள்.

“என்னடா தம்பி, நேத்துத்தானே வந்தாய்? ஆரும் செத்துட்டாங்களா?”

“இன்னும் இல்லை” என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“அப்ப இரி, ஒரு இளநி குடி. பாக்க வாற சனமெல்லாம் சூட்டுக்கு நல்லமெண்டு கொண்டு வந்து குவிக்குது.”

குடித்தேன். பிறகு, இரத்தம் பழுதாகிவிட்டது, நேரில் வர வேண்டும் என்றேன்.

“ஆமிக்காரன் குலுக்கினதுக்கு நான் ஏன் வரணும்? அவனக் கூட்டிட்டுப் போ.”

ஆனாலும் வந்தார். பாதையில் என் தோளில் சாய்ந்துகொண்டு, கால் மரத்துப்போவதாகச் சொன்னார். அவர் மூச்சு விடுகிறாரா என்று கரை சேரும்வரை பார்த்துக்கொண்டே வந்தேன். சாவடியில் அதே சிப்பாய். இம்முறை இரத்தம் முழுவதும் அக்காவுக்குள் இருந்ததால் அவனால் குலுக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் புதிதாக எடுத்த இரத்தத்தின் நீர் தெளிவாக, வைக்கோல் நிறத்தில் இருந்தது. ஆனால் எண் இறங்கவில்லை. இப்போதும் ஏழைத் தொட்டுக்கொண்டு நின்றது. இதயத்தின் படத்தில் அலைகள் கூடாரம்போல் கூராக எழுந்திருந்தன. டொக்டர் ஊசியை ஏற்றிக்கொண்டே கேட்டார்:

“இவ என்ன குடிச்சவ?”

“இளநீர்.”

“எத்தினை?”

அக்கா என்னைப் பார்த்தார். “வந்த சனத்துக்கு முகம் முறிக்கேலாதே, டொக்டர்.”

இளநீரில் நிறைந்திருக்கும், பழுதான சிறுநீரகம் தள்ள முடியாத பொட்டாசியத்தை ஊர் முழுக்கச் சேர்ந்து, அன்போடு, அவருக்குள் ஊற்றியிருந்தது. சிப்பாய் குலுக்கி எழுப்பிய பொய்யான சந்தேகம்தான் அவரை மெய்யான சாவுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறது. அவனுக்கு நன்றிக் கடிதம் எழுத நடைமுறை எதுவும் இருக்கவில்லை.

பின்னேரம் பொட்டாசியம் இறங்கியது. அக்கா கஞ்சி கேட்டார். மறுநாள் மற்ற முடிவுகள் வந்தன. சிறுநீரகத்தின் பழுதைக் காட்டும் கிரியேட்டினின் போன மாதத்தைவிட மிகவும் ஏறியிருந்தது. அது நெஞ்சை உடனே நிறுத்தாது; இன்னும் எவ்வளவு காலம் என்பதை மட்டும் சொல்லும்.

அக்கா என் முகத்தைப் படித்துவிட்டார். “என்னடா, இதையும் அவன் குலுக்கிட்டானா?”

“இல்லை, அக்கா” என்றேன். “இது குலுக்கினாலும் மாறாது.”

அவர் தலையாட்டிவிட்டு, தன் கரைக்குத் திரும்பும் பாதை எத்தனை மணிக்கென்று கேட்டார்.